ஐந்தடி உள்வாங்கிய சுவர்

நூலகக் கட்டட வேலையைப் பார்த்துக்கொண்ட மேற்பார்வையாளருக்கு ஊர் வைத்த பெயர் தூக்குக்குண்டு. சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் அந்த இரும்புக் குண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே திரிவார். முடிவெட்டப் போன இடத்திலும் கண்ணாடி சாய்ந்திருக்கிறது என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வார். அப்பேர்ப்பட்ட மனுஷர் பின்சுவரை மட்டும் வரைபடத்துக்கு ஐந்தடி உள்ளே தள்ளிக் கட்டினார்.

தெரிந்தேதான் செய்தார். அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்றே அதைக் கவனித்துவிட்டார். குழந்தைகள் படிக்கும் அறையின் கோடியில், எப்போதோ தூர்த்துவிட்ட உறைகிணறு வந்தது. அவருடைய தங்கை அதில்தான் விழுந்து செத்தாள், பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகாமல். ஊர் அதை மறந்தேபோனது. அவள் தலைமேல் தரை போட அவருக்கு மனம் வரவில்லை. கயிற்றை நகர்த்திக் கட்டினார்.

சுவர் எழும்ப எழும்ப அவளும் கூடவே வந்தாள். சாயங்காலம் ஆட்கள் போனதும் அவரே சுவர் இறுகத் தண்ணீர் விடுவார். நீர் வழியும் சத்தத்துக்கு நடுவே, "நானும் வரேண்ணா" என்று பின்சுவருக்கு அப்பாலிருந்து கேட்கும். குழாயை மூடினால் நின்றுவிடும். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாளும் ஆட்களை அனுப்பிவிட்டுக் குழாயைத் திறப்பார்.

கூரை போட்ட பிறகு வந்த இன்ஜினியர் அளந்து பார்த்துவிட்டு, "என்னங்க, நீங்களா இப்படி?" என்றார்.

"தூர்த்த கிணறு சார். மண்ணு இறங்கிடும்."

"நல்லவேளை, கவனிச்சீங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். சொன்னது உண்மைதான். இருந்தும் தூக்குக்குண்டுக்கு வாய் கசந்தது.

திறப்புக்கு முந்தின நாள் அம்மாவை அழைத்து வந்தார். அவள் குட்டி நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போய், பின் ஜன்னலில் நின்றாள். வெளியே வெறும் மண்.

"இதானேடா இடம்?"

"ஆமாம்மா. அவ மேல கட்டலை. சுவரைத் தள்ளிட்டேன்."

அம்மா மனம் குளிரும் என்று நினைத்திருந்தார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பள்ளிக்கூடம் கிளம்பினா உன்கூட வரேன்னுதானே தினமும் அழுவா. நாளைக்குப் பிள்ளைங்க எல்லாம் உள்ள உக்காந்து படிக்கும். இவளை மட்டும் மறுபடியும் வெளியவே விட்டுட்டியேடா."

தூக்குக்குண்டு சுவரில் கை வைத்துப் பார்த்தார். நன்றாக இறுகியிருந்தது.