ஒரு தாச்சிச் சமையலும் இல்லாத நாயும்

"ஒரேயொரு தாச்சி, அக்கா. அரை மணித்தியாலம். சுகமான சமையல்" என்றாள் தங்கச்சி.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எதையாவது சுகமானது, லேசானது என்று சொன்னால் நான் நம்புவதில்லை. முன்னொருமுறை வந்த மச்சாள் ஒருத்தி, சுகமான தேத்தண்ணி என்று நூல் கட்டிய பையொன்றைத் தந்து, அதைச் சுடுதண்ணீருக்குள் தொங்கவிட்டுக் காவல் இருக்கச் சொன்னாள். அந்த நேரத்துக்குள் நான் ஒரு வீட்டுக்கே பால் தேத்தண்ணி ஊற்றியிருப்பேன்.

தங்கச்சியின் சமையல் இதுதான். கொத்திய மாட்டிறைச்சியையும் துண்டு துண்டாக வெட்டிய வத்தாளங்கிழங்கையும் வெங்காயம், உள்ளியோடு ஒரே தாச்சியில் வதக்கி மூடிவிட வேண்டும். இரவுச் சாப்பாடு முடிந்தது. சோறு வேறு, கறி வேறு, சொதி வேறு என்று கிடையாது. கழுவ இருப்பதும் அந்த ஒரு தாச்சிதான். இதையெல்லாம் கரம்பொன் என்ற தீவுக் கிராமத்தில், ஒரு சைவ வீட்டில், கோயில் பரிபாலன சபைப் பொருளாளரின் மனைவியிடம் சொல்கிறாள்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் கதிரையை இழுத்துப் போட்டு நாலு கேள்வி கேட்டிருப்பேன். இவளிடம் முடியவில்லை. வந்த அன்றைக்கே, பெட்டியைத் திறக்கும் முன், கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு, "நான் இங்கை வந்து உங்களோடையே இருக்கலாமோ அக்கா?" என்று கேட்டிருந்தாள். புருஷன் செத்துவிட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு நகரத்தில். இவள் கனடாவில் யாரோ ஒருவரின் வீட்டு பேஸ்மென்டில் இருந்துகொண்டு வேலைக்குப் போய் வருகிறாள். சீதனமாக அவளுக்குக் கிடைத்த காணியில் இப்போது நாயுண்ணிப் பற்றையும் பாம்பும் குடியிருக்கின்றன.

எனக்கு வாயில் "ஓம்" வந்துவிட்டது. ஆனாலும் வீட்டில் பொருளாளரும் இருக்கிறார். இவரிடம் கேட்டேன். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டு, "பாப்பம்" என்றார். எங்கள் பக்கத்தில் பாப்பம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். கேட்டவருக்கு நோகக்கூடாது என்று கண்டுபிடித்த சொல் அது. கேட்டவருக்கு எப்போதும் நோகும்.

தங்கச்சி அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. சமையல் கதையைத்தான் எடுத்தாள்.

"ஆட்டிறைச்சியிலை செய்யன்" என்றேன்.

"ஏலாது அக்கா. நான் அங்கை என்ன சாப்பிடுறன் எண்டு நீங்கள் ஒருக்காப் பாக்கவேணும். நாளைக்கு இங்கை வந்து இருந்து, ஒளிச்சு ஒளிச்சுச் சாப்பிட என்னாலை ஏலாது."

நியாயமான பேச்சு. நியாயமான பேச்சுகளால்தான் எங்கள் வீட்டில் எப்போதும் பிரச்சினை.

எங்கள் ஏதனங்களின் சட்டதிட்டத்தை இங்கே சொல்ல வேண்டும். குசினிக்குள் இருப்பவை சைவச் சட்டிகள். மீனும் ஆடும் காய்ச்சுகிற மச்சச் சட்டிகளுக்குப் பின்விறாந்தையில் தனித் தட்டு. வெள்ளிக்கிழமைகளில் அவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மாட்டிறைச்சிக்கு இந்த இரண்டு இடத்திலும் இடமில்லை. அதன் பெயரைக்கூட வீட்டுக்குள் சொல்வதில்லை. இவர் மட்டும் கொழும்புக்குப் போகும்போதெல்லாம் வழிக்கடைகளில் மட்டன் ரோல்ஸ் வாங்கி நாலு, ஐந்து என்று சாப்பிடுவார். அந்த விலைக்கு எந்த ஆடு ரோல்ஸாகும் என்று கணக்கு வழக்குத் தெரிந்த பொருளாளர் இன்றுவரை யோசித்ததில்லை. படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன்கோயில்.

"வீட்டுக்குள்ளை அது வராது" என்றார் இவர். பின்வளவில் இருக்கிற கொட்டிலுக்குள் வரலாமா என்று கேட்டேன். பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இறைச்சி வாங்கப் போனது நான்தான். தங்கச்சி போனால் வெளிநாட்டு விலை சொல்வார்கள். ஊர்காவற்றுறைப் பக்கம், என்னைத் தெரிந்தவர்கள் குறைவான நேரம் பார்த்து, குடையை நன்றாகத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு போனேன். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. இறைச்சிக்கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத மனிதருக்கு நானாகவே பதில் சொன்னேன்.

"நாய்க்கு."

எங்கள் ஆட்கள் மாட்டிறைச்சி வாங்குவது இப்படித்தான். தீவில் உள்ள சைவ நாய்களெல்லாம் கொடுத்துவைத்தவை. அவற்றின் பேரில் வாங்கியதில் ஒரு துண்டாவது அவற்றுக்குக் கிடைத்திருந்தால் ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி அளவு வளர்ந்திருக்கும்.

"எத்தினை நாய் அக்கா?"

"ஒண்டுதான். நல்லாச் சின்னனாக் கொத்தித் தாங்கோ. அதுக்குப் பல்லில்லை."

அவர் தலையை ஆட்டிவிட்டு, குனிந்து, பலகைக்குக் கீழே இருந்த வாளியில் இருந்து அள்ளிக் கொத்தினார். விலையைக் கேட்டபோது, இவ்வளவு மலிவா என்று சந்தோஷப்பட்டேன். வாய் பேசாத சீவனுக்கு என்றுதான் குறைத்தாராம். நல்ல மனிதர்.

வீட்டில் தங்கச்சி பையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, என்ன சொல்லி வாங்கினனீங்கள்?"

சொன்னேன். கொட்டில் நிலத்தில் இருந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதலில் தெரியவில்லை. பைக்குள் சவ்வும் கொழுப்பும் எலும்புத் தூளும், இன்ன உறுப்பு என்று சொல்ல முடியாத சிலதும் இருந்தன. அந்த மனிதரில் ஒரு பிழையும் இல்லை. நாய்க்கு என்று கேட்டதற்கு நாய்க்கானதைத் தந்திருக்கிறார்.

திரும்பப் போய், நாய்க்கு அல்ல, எனக்கு என்று சொல்லும் துணிவு என்னிடம் இல்லை. இரண்டு பேருமாக இருந்து பொறுக்கினோம். சவ்வை இழுத்து, எலும்பை எடுத்து, கழுவி, வடித்து, திரும்பக் கழுவினோம். கழுவ ஒரு சட்டி, வடிக்க ஒரு பழைய அரிதட்டு, பொறுக்கிப் போட ஒரு சிரட்டை, கிழங்குக்கு ஒரு தட்டம். எல்லாம் இனிக் குசினிப் பக்கம் போக முடியாதவை. ஒரு தாச்சிச் சமையல் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. அரை மணித்தியாலம் எப்போதோ முடிந்து, பின்னேரமாகிவிட்டது.

அவள் கனடாவில் இருந்து தன் தாச்சியையே கொண்டு வந்திருந்தாள். கறுப்பாக, மினுக்கமாக, பிளாஸ்டிக் பிடியோடு. மூன்று கல்லை வைத்துப் பன்னாடையும் காய்ந்த மட்டையும் மூட்டினேன். தாச்சிக்கு முன் பிடி வெந்தது. பிறகு பழந்துணியால்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அவள் உப்பும் மிளகும் போட்டாள். அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து நான் மிளகாய்த்தூளும் கறிவேப்பிலையும் போட்டேன். இதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. சாப்பிடும்போது, ஊர் வத்தாளங்கிழங்குக்கு ஒரு தனி ருசி என்றாள்.

மணம் எழும்பியதும் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு வந்துவிட்டாள். அவள் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் இதையே ஊர் அறியக் காய்ச்சுகிறவள். மணத்தை அறிய அவளுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

"உங்கடை வீட்டிலை இருந்தோ வருது?" என்றாள்.

"நாய்க்கு."

"எப்பவிருந்து நாய்?"

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்களிடம் அன்று தாச்சிக்கும் மூடியில்லை, வாழை இலையால்தான் மூடியிருந்தோம். அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று திரும்பி வந்துவிட்டேன்.

ஒருவழியாக வெந்தது. ருசி பார்த்தோம். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது. இறைச்சி மொறுமொறுவென்றும் கிழங்கு இனிப்பாகவும் இருந்தன. ஓரத்தில் பிடித்ததைக் கரண்டியால் சுரண்டியெடுப்பதுதான் திறம் என்று அவள் சொல்லித் தந்தாள். அது எனக்கு முதல் மாட்டிறைச்சியா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ரோல்ஸ் வாங்கும்போது நானும் பக்கத்தில்தான் நிற்பேன்.

எதில் வைத்துச் சாப்பிடுவது என்ற பிரச்சினை மட்டும் மிச்சமாக இருந்தது. நான் இலை வெட்ட எழும்பினேன்.

"இருங்கோ அக்கா. இலை எதுக்கு? நான் அங்கை தாச்சியோடைதான் சாப்பிடுறனான்."

"தாச்சியோடை எண்டால்?"

"வேலையாலை வந்து சமைப்பன். அடுப்படியிலையே நிண்டு தாச்சிக்குள்ளை இருந்து கரண்டியாலை சாப்பிடுவன். கோப்பையிலை போட்டு மேசையிலை இருந்தால் முன்னாலை இருக்கிற கதிரையைப் பாக்கவேணும். நிண்டால் சுவர்தான் தெரியும். பிறகு அந்த ஒரு தாச்சியைக் கழுவினால் சரி."

அவள் இதைச் சமையல் குறிப்பின் மிச்சம் போலத்தான் சொன்னாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. நான் காலையில் இருந்து அந்த ஒரு தாச்சியை வைத்துப் பகிடி பண்ணிக்கொண்டிருந்தவள். இலை வெட்ட எழும்பினவள் திரும்ப இருந்தேன். இவ்வளவு காலமும் போனில் "சாப்பிட்டியோ?" என்று கேட்டிருக்கிறேன். "ஓம்" என்பாள். யாரோடு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அப்போதுதான் பின்கதவுப் படியில் இவர் இருப்பதைக் கண்டேன். பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார். எழுத்துத் தெரியாத அளவுக்கு எப்போதோ இருட்டிவிட்டிருந்தது. பேப்பரை ஒழுங்காக மடித்து மடியில் வைத்தார்.

"பக்கத்து வீட்டு மனிசி வேலியிலை என்ன கேட்டவ?" என்றார் என்னிடம்.

"எப்பவிருந்து நாய் எண்டு."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். இனி வரப்போகிற சொல் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

"கேப்பினம்தானே. இனி அடிக்கடி வாங்கிறதெண்டால் சந்திக்குச் சந்தி கேப்பினம். கோயில் கணக்கு வைச்சிருக்கிறவன் வீட்டிலை பொய் சொல்ல ஏலாது. ஒரு நாய்க்குட்டி எடுக்கவேணும்."

தங்கச்சிக்கு உடனே விளங்கவில்லை. "நான் வாற கிழமை போயிடுவன் அத்தான். பிறகு ஆருக்கு வாங்கப் போறியள்?"

"போய்ச் சாமானைக் கட்டிக்கொண்டு வாருமன். அதுக்கிடையிலை குட்டியும் கொஞ்சம் வளந்திடும்."

சொல்லிவிட்டு உள்ளே போய் லைற்றைப் போட்டார். குசினிக்குள் ஏதோ ஒரு மூடி விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. இரவுக்கு அவித்து வைத்திருந்த தன் புட்டை அவரே தேடிக்கொண்டிருந்தார்.

தங்கச்சி மூக்கை உறிஞ்சினாள். மிளகாய்த்தூள் கொஞ்சம் கூடிவிட்டதோ என்று நானும் பாசாங்கு பண்ணினேன். மிச்சத்தை ஒரே தாச்சியில் இருந்து, நிலத்தில் எதிரும் புதிருமாக இருந்து சுரண்டிச் சாப்பிட்டு முடித்தோம். பிறகு அந்த ஒரு தாச்சியைக் கழுவ இரண்டு பேரும் கிணற்றடிக்குப் போனோம்.