பன்னிரண்டு மணிக்கு ஒழுகும் புல்லட்

தௌசிப்புக்குக் கதை கட்டத் தெரியாது. கோவில்பட்டியில் பழைய புல்லட் வண்டிகளைப் பிரித்துப் பூட்டுகிற மெக்கானிக் அவன். யாராவது பேய் என்று ஆரம்பித்தால், "பிளக்கக் கழத்திப் பாத்தியளா அண்ணாச்சி?" என்று கிண்டல் செய்வான். அப்படிப்பட்ட ஆள் இப்போது உச்சிவெயில் ஏறினால் கடை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறான். அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நானாக எதையும் கூட்டவில்லை.

போன புரட்டாசியில் எட்டயபுரத்துக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்திலிருந்து ஆறுமுகத்தாய் என்ற அம்மா போன் செய்து கூப்பிட்டார். வீட்டுக்காரர் வன்னியபெருமாள் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. அவருடைய புல்லட்டில் கார்புரேட்டர் ஒழுகுகிறது, கிளம்ப மாட்டேன் என்கிறது.

"ஒரே ஒரு தடவ ஸ்டார்ட் ஆனாப் போதும் தம்பி. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

வண்டி, மிளகாய் வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் கொட்டகையில் நின்றது. மேலெல்லாம் தூசி. ஆனால் இரண்டு இடங்கள் மட்டும் பளபளவென்று இருந்தன. ஒன்று, கிக்கர். இன்னொன்று, கார்புரேட்டர் பக்கத்தில் இருக்கிற சின்னப் பொத்தான். பழைய புல்லட்டைக் கிளப்ப அந்தப் பொத்தானை அமுக்க வேண்டும். பெட்ரோல் கசிந்து விரல் நனைந்ததும் கையை எடுத்துவிட்டு உதைக்க வேண்டும். அவசரத்தில் கூட அமுக்கினால் பிளக் நனைந்துவிடும். அப்புறம் கால் ஓய உதைத்தாலும் வராது.

டேங்கை ஆட்டிப் பார்த்தான். பெட்ரோல் தளும்பியது.

"ஓடாத வண்டிக்கு எதுக்கும்மா பெட்ரோல்?"

"நாந்தான் வாங்கி ஊத்துதேன்" என்றார் ஆறுமுகத்தாய். ஏன் என்று சொல்லவில்லை.

கார்புரேட்டரைப் பிரித்தான். பெட்ரோலை அடைக்கிற நீடில் தேய்ந்திருந்தது. புதிது போட்டான். மிதவையைக் காதருகே குலுக்கிப் பார்த்தான். ஓட்டை இல்லை. பூட்டி, பெட்ரோல் டேப்பைத் திறந்தான். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. வேலை முடிந்தது என்று கையைத் துடைத்தான்.

"பன்னெண்டு மணி வரைக்கும் இருந்து பாருங்க தம்பி."

"மணி பாத்து ஒழுக இது என்ன கார்ப்பரேஷன் குழாயாம்மா?" என்று சிரித்தான். அந்த அம்மா சிரிக்கவில்லை.

பன்னிரண்டுக்குக் காற்று நின்றது. வேலியில் ஒரு குருவிச் சத்தமும் இல்லை.

சொட்... சொட்...

தரையில் பெட்ரோல். மறுபடி பிரித்தான். எல்லாம் சரியாக இருந்தது. பூட்டினான். மறுபடியும் ஒழுகியது. குனிந்து உற்றுப் பார்த்தான்.

பொத்தான் உள்ளே போயிருந்தது.

வெளியே வந்தது. உள்ளே போனது. வெளியே... உள்ளே...

டிக்... டிக்... டிக்... டிக்...

யாருடைய விரலும் அதன் மேல் இல்லை. அவ்வளவு அவசரம், அவ்வளவு பதற்றம் அந்த அமுக்கலில்.

கிக்கர் தானாக இறங்கியது. தடக்! மறுபடி... தடக்!

தௌசிப் திரும்பினான். ஆறுமுகத்தாய் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். அவர் முகத்தில் பயம் இல்லை. கண்ணீர் வழிந்தது.

"அவியதான், எங்க வீட்டுக்காரரு. கைய எடுங்கன்னு தெனம் சொல்லுதேன், கேக்க மாட்டேங்காவ. நீங்க மெக்கானிக்கு. நீங்க சொன்னாக் கேப்பாவ தம்பி."

ஓடிவிடத்தான் நினைத்தான். ஆனால் ஏதோ ஒன்று அவனைப் பேச வைத்தது.

"அண்ணாச்சி... போதும் அண்ணாச்சி. கைய எடுங்க. ஓவராயிருச்சு. பிளக்கத் துடச்சுத் தாரேன்."

பொத்தான் நின்றது.

டேப்பை மூடினான். பிளக்கைக் கழற்றித் துடைத்தான். மாட்டினான். டேப்பைத் திறந்து, சாவியைத் திருப்பினான்.

"இப்ப ஒதைங்க அண்ணாச்சி."

தடக்!

டுக்... டுக்... டுக்... டுக்...

கொட்டகை அதிர்ந்தது.

அப்புறம்தான்... சத்தம் நகர்ந்தது.

வண்டி அங்கேயே நின்றது. சத்தம் மட்டும் வாசலைத் தாண்டியது. தெருவில் இறங்கியது. கோவில்பட்டி போகிற ரோட்டில் ஏறியது. தேய்ந்தது... தேய்ந்து, இல்லாமல் போனது.

தௌசிப் தொட்டுப் பார்த்தான். இன்ஜின் குளிர்ந்து கிடந்தது.

ஆறுமுகத்தாய் ரோட்டைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு சொன்னார். இருபது வருஷத்துக்கு முன்னால், இதே போல ஒரு மதியம், ஏழு வயது மகள் வனிதாவுக்கு இளைப்பு வந்து மூச்சு முட்டியது. கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வன்னியபெருமாள் வண்டியைக் கிளப்பினார். பதற்றத்தில் பொத்தானை அமுக்கி அமுக்கி, வண்டி பெட்ரோலில் மூழ்கிவிட்டது. உதைத்துக்கொண்டே இருந்தார். அது கிளம்பும்போது பிள்ளைக்கு மூச்சு நின்றிருந்தது. சாகும்வரை அவர் அந்த வண்டியைத் தொடவில்லை. செத்த பிறகுதான் தொட ஆரம்பித்தார்.

"இனிமே அவிய நிம்மதியா இருப்பாவ" என்று தௌசிப்பின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவனும் அழுதான். கூலி வாங்காமல் வந்துவிட்டான்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா போன் செய்தார்.

"வண்டி ஒழுகுதாம்மா?"

"இல்ல தம்பி. அவிய போயிட்டாவ."

போனில், அவருக்குப் பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. சின்னதாக, இழுத்து இழுத்து... யாரோ மூச்சுக்குத் திணறுகிற மாதிரி.

"கேக்குதா தம்பி? மத்தியானமானாப் பிள்ளைக்கு இளைக்கு. அப்பா எங்கன்னு கேக்கா. மூச்சு முட்டுன அன்னைக்கு வண்டிப் பக்கத்துல நாந்தான் அவளத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னேன். இந்தத் தடவ வெறுங்கையோட நின்னுட்டேன். அவசரத்துல அவிய பிள்ளைய ஏத்தாமப் போயிட்டாவ."

தௌசிப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"ஒரு எட்டு வாங்க தம்பி. அந்த வண்டியப் பழையபடி ஒழுக வச்சுத் தாங்க. அவிய திரும்பி வரட்டும்."