சுவாமித் தட்டில் இருந்த போத்தல்

நடந்தவை, வரிசைப்படி:

1. அங்கிள் தனக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லை என்றார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி, அன்ரி, "இல்லை, இல்லை, அவருக்கு ஒண்டுமில்லை" என்று சேர்ந்து பதில் சொன்னார்.
2. அன்ரியைப் பால் வாங்க அனுப்பிவிட்டு, அங்கிள் என்னைப் பால்கனிக்குக் கூட்டிப்போனார். எட்டு மாதமாகக் கஞ்சா எண்ணெய் குடிப்பதாகச் சொன்னார்.
3. அடுத்த தடவை அங்கிளைப் பாண் வாங்க அனுப்பிவிட்டு, அன்ரி என்னைக் குசினிக்குக் கூட்டிப்போனார். அங்கிளின் 'நித்திரை எண்ணெயை' களவாகக் குடிப்பதாகச் சொன்னார். அது கஞ்சா என்று அவருக்குத் தெரியாது.
4. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லமாட்டேன் என்று இருவருக்கும் தனித்தனியாக நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்.
5. அங்கிளுக்கு மூக்கால் இரத்தம் வந்தது. முக்கால் மணி நேரம் நிற்கவில்லை.

ஐந்தாவதில் மட்டும் சிரிக்க எதுவும் இல்லை. அது இல்லையென்றால் மற்ற நான்கையும் நான் இன்றுவரை வாய் திறக்காமல் வைத்திருந்திருப்பேன்.

நான் படித்தது புள்ளியியல். வயதானவர்கள் மருத்துவர் கொடுக்கும் மருந்துகளோடு கஞ்சாவையும் எப்படிச் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் சிறு குழுவொன்றில் வேலை செய்கிறேன். எண்களைப் பார்ப்பது என் பொறுப்பு. மனிதர்களைப் பார்ப்பது அல்ல. ஆனால் குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே நான் வசிக்கும் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லிலிருந்து பஸ் ஏறி, நகரத்தின் இன்னொரு பகுதியான செயின்ட்-மிஷேலில் உள்ள தமிழ் வீடுகளுக்குக் கேள்வித்தாளோடு போகத் தொடங்கினேன்.

கேள்விகளை ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்கவேண்டும் என்பது விதி. முதல் நாள் இதை வாசித்துக் காட்டியபோது அன்ரி சிரித்தார்.

"நாப்பத்தாறு வருஷம் ஒண்டாய் இருக்கிறம் பிள்ளை. எங்களுக்குள்ளை என்ன ரகசியம்?"

ஒரு மாதத்துக்குள் இருவரும் ஆளுக்கொரு ரகசியம் சொன்னார்கள்.

அங்கிள் தன்னுடையதைப் பால்கனியில் சொன்னார். அன்று மைனஸ் பன்னிரண்டு பாகை குளிர். என் பேனா உறைந்துபோனதால் பென்சிலால் எழுதினேன். முழங்கால் வலியால் நித்திரை வருவதில்லை, யாரோ சொன்னதைக் கேட்டு, கஞ்சாவைச் சட்டப்படி விற்கும் அரசாங்கக் கடைக்குப் போனார். பக்கத்துக் கடைக்குப் போனால் தமிழர் காண்பார்கள் என்று, மெற்றோவில் நகரத்தின் மறுபக்கம் போனார்.

"உள்ளுக்கை போனால், வரிசையிலை எங்கடை கோயில் தலைவர் நிக்கிறார்" என்றார். அங்கிள் அதே கோயிலின் செயலாளர்.

"என்ன செய்தீங்கள்?"

"'இது தபால் கந்தோரோ?' எண்டு கேட்டன். 'நானும் அதைத்தான் தேடுறன்' எண்டார். பேந்து ரெண்டு பேரும் பேசாமல் வரிசையிலை நிண்டம்."

போத்தலைச் சுவாமித் தட்டில், அம்மன் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். "சாமிக்குப் பின்னாலை ஆர் போய்ப் பாக்கிறது?" என்று கேட்டார். அந்த வீட்டில் அவர் ஒருநாளும் விளக்கேற்றியதில்லை. அன்ரி தினமும் மாலையில் ஏற்றுவார். வெள்ளிக்கிழமைகளில் படங்களை எடுத்துத் துடைப்பார். நாற்பத்தாறு வருடமாக நடக்கும் இந்த வேலையை அங்கிள் கணக்கில் எடுக்கவில்லை.

அன்ரி தன் ரகசியத்தைச் சொன்னபோது கிரைண்டரை ஓடவிட்டார். உள்ளே ஒன்றும் இல்லை, சத்தத்துக்காக மட்டும். ஒலிப்பதிவைக் கேட்ட எங்கள் ஆய்வுத் தலைவி, அந்த வீட்டில் சுவர் இடிக்கிறார்களா என்று பிறகு என்னிடம் கேட்டார்.

"பிள்ளை, இவர் அரசாங்கம் தாற நித்திரை மருந்தை எனக்குத் தராமல் ஒளிச்சு வைச்சுக் குடிக்கிறார்."

"அரசாங்கம் தாறதெண்டு எப்பிடித் தெரியும் அன்ரி?"

"போத்தல்லை போட்டிருக்கே. சிவப்பு, நடுவிலை இலை. இந்த நாட்டுக் கொடியிலை இருக்கிற இலைதானே?"

இலையைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது. கையெழுத்தும் போட்டிருந்தேன். ஆகவே 'பங்கேற்பாளர் இலையைக் கண்டதாகக் கூறினார்' என்று மட்டும் எழுதினேன்.

"நானும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குடிக்கிறன். குறைஞ்சால் கண்டுபிடிச்சுப்போடுவார். அதாலை விளக்கு நல்லெண்ணெயை ஊத்தி மட்டம் பிடிச்சு வைக்கிறன்."

மட்டம் பிடிப்பதில் அன்ரிக்குக் கை கொஞ்சம் தாராளம். அடுத்த முறை பால்கனியில் அங்கிள் குரலைத் தாழ்த்தி, "அம்மாளாச்சி செயல், பிள்ளை. குடிக்கக் குடிக்கக் குறையுதில்லை" என்றார். ஆனால் வலி மட்டும் முன்போலக் கேட்கவில்லை என்பதால், ஐந்து துளியைப் பன்னிரண்டாக்கியிருந்தார். அப்படியும் கேட்காவிட்டால், பழையது பழுதாகிவிட்டது என்று புதுப் போத்தல் திறப்பார்.

இரண்டு ரகசியங்களையும் தெரிந்த ஒரே ஆள் நான். பஸ்ஸில் வீடு திரும்பும்போது சிரிப்பை அடக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வருவேன்.

பிறகு மூக்கால் இரத்தம் வந்தது.

அங்கிளின் இருதயத்துடிப்பு ஒழுங்கில்லாதது. இரத்தம் கட்டிபடாமல் இருக்க ஒரு குளிசை எடுக்கிறார். கஞ்சா எண்ணெய் அந்தக் குளிசையின் வேலையைக் கூட்டிவிடக்கூடும். இரத்தம் கட்டிபட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் பரிசோதனை முடிவுகளை அவர் அனுமதியோடு வாங்கிக் கோடு வரைந்து பார்த்தேன். மரம் அறுக்கும் வாளின் பல்லைப்போல ஏறி ஏறி இறங்கியது. புதுப் போத்தல் திறக்கும்போதெல்லாம் ஏறியது. நல்லெண்ணெய் கூடக்கூட இறங்கியது. அவர் எட்டு மாதமாக ஒவ்வொரு நாளும் வேறு வேறு மருந்து குடித்திருக்கிறார்.

கடைசி முடிவு மிகவும் கீழே இருந்தது. அதைப் பார்த்து, வரும் வியாழக்கிழமை மருத்துவர் குளிசையைக் கூட்டப்போகிறார். அம்மன் படத்துக்குப் பின்னால் புதுப் போத்தல் ஒன்று முத்திரை உடைக்காமல் காத்திருந்தது. இரண்டும் ஒரே வாரத்தில் சேர்ந்தால் இரத்தம் மூக்கோடு நிற்காமல் போகலாம்.

ஆய்வுத் தலைவியிடம் ஓடினேன். தலைவியின் பதில் தெளிவாக இருந்தது: அங்கிளுடைய ஆபத்தை அங்கிளிடம் சொல், அவசரமாகச் சொல். மனைவி சொன்னதை அவரிடம் சொல்லாதே.

செவ்வாய்க்கிழமை பால்கனியில் நின்று, எண்ணெயும் குளிசையும் சேரக்கூடாது, வியாழன் டொக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும் என்றேன்.

"ஓம் பிள்ளை, பேந்து சொல்லுறன்."

"பேந்து இல்லை அங்கிள். வியாழன்."

"டொக்டர் தமிழாள். அவரின்ரை மனிசி கோயிலுக்கு வாறவ. செயலாளர் கஞ்சா குடிக்கிறார் எண்டால் என்ரை மனிசி என்னை வீட்டுக்குள்ளை விடுவாவோ?"

வரைபடத்தை அவர் கையில் கொடுத்தேன். அது அவருடைய இரத்தம், அவருக்குக் காட்டலாம். அங்கிள் முன்பு நில அளவையாளராக இருந்தவர். கோடுகளைப் படிக்கத் தெரியும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஒரே மருந்து, ஒரே ஆள். ஏன் இப்பிடி ஏறி இறங்குது?"

"நான் சொல்ல ஏலாது அங்கிள்."

"தெரியாதோ, சொல்ல ஏலாதோ?"

"சொல்ல ஏலாது."

அவர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் எதுவும் தெரியாது என்று என் நண்பர்கள் சொல்வார்கள். அன்று காது மட்டும் சுட்டது. அங்கிள் என்னையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய், அம்மன் படத்துக்குப் பின்னாலிருந்து திறந்த போத்தலை எடுத்து, ஒரு சொட்டு நாக்கில் விட்டார். இவ்வளவு நாளும் மூச்சை அடக்கி, கண்ணை மூடி, மருந்து என்று விழுங்கியவர், முதல் தடவையாகச் சுவைத்துப் பார்த்தார்.

"இது தோசைக்கு ஊத்திற நல்லெண்ணெய்!"

குசினியில் கிரைண்டர் ஓடத் தொடங்கியது.

"அதை நிப்பாட்டிப்போட்டு இஞ்சை வாரும்" என்றார் அங்கிள்.

அன்ரி வந்தார். போத்தலைக் கண்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்: நான் இல்லை.

"குடிச்சால் என்ன?" என்றார் அன்ரி. "நீங்கள் மட்டும் குறட்டை விட்டுக்கொண்டு படுக்க, நான் கூரையைப் பாத்துக்கொண்டு கிடக்கிறதோ? அரசாங்கம் உங்களுக்கு மட்டுமோ குடுத்தது?"

"அரசாங்கமோ?"

"இலை போட்டிருக்கு!"

அங்கிள் போத்தலைத் திருப்பி இலையைப் பார்த்தார். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அது கஞ்சா இலையப்பா."

அன்ரி சுவரைப் பிடித்துக்கொண்டார். கோயில், தலைவர், மானம் என்று ஏதாவது வரும் என்று நான் காத்திருந்தேன்.

"அப்ப போன மாசம் கோயில்லை நான் தேவாரம் பாடினது?"

"ஓம்" என்றார் அங்கிள். "நல்லாய்த்தான் பாடினீர். ஒரே பாட்டை மூண்டு தரம்."

அன்ரி அழப்போகிறார் என்று நினைத்தேன். தோள்கள் குலுங்கின. ஆனால் வந்தது சிரிப்பு. சிரித்து முடிந்ததும் அங்கிளிடமிருந்து வரைபடத்தை வாங்கி, உயரமான பல் ஒன்றைத் தொட்டு, "இது என்ன?" என்று கேட்டார். "மூக்கால் ரத்தம் வந்த கிழமை" என்றார் அங்கிள். அன்ரி அதன் பிறகு சிரிக்கவில்லை. வியாழக்கிழமை தானும் டொக்டரிடம் வருவதாகவும், அங்கிள் சொல்லாவிட்டால் தான் சொல்வதாகவும், அதுவும் காத்திருப்போர் அறையில் வைத்தே சத்தமாகச் சொல்வதாகவும் அறிவித்தார்.

வியாழக்கிழமை அங்கிள் டொக்டரின் அறைக்குள் போய் முதல் வசனத்திலேயே சொல்லிவிட்டாராம். மருத்துவர் முகம் மாறாமல் எழுதிக்கொண்டாராம். அவருக்கு இவர் முதல் கோயில் செயலாளர் இல்லைப்போலும்.

இப்போதைய நிலை இது. குளிசை கூட்டப்படவில்லை. எண்ணெய் நிறுத்தப்பட்டது; இரண்டு போத்தல்களையும் மருந்துக்கடையில் ஒப்படைத்துவிட்டார்கள். கிழமைக்கு ஒரு தடவை அங்கிளுக்கு இரத்தப் பரிசோதனை நடக்கிறது. கடைசி மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. முழங்காலுக்கு உடற்பயிற்சி தொடங்கியிருக்கிறார். எங்கள் கேள்வித்தாளில் 'போத்தலை வேறு யார் தொடுவார்கள்?' என்ற கேள்வி சேர்க்கப்பட்டிருக்கிறது. அங்கிளுக்கும் அன்ரிக்கும் இன்னும் சரியாக நித்திரை வருவதில்லை.