போன வாரம் ஒன்றும் இல்லை

உங்கள் தோல் உங்கள் வாழ்க்கையை எவ்வளவு கெடுக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? மைசூர் விஜயநகரில், பருவுக்காக நான் போகும் தோல் கிளினிக்கில், டாக்டரைப் பார்க்கும் முன் எல்லோரிடமும் இதைக் கேட்டு ஒரு ஃபாரம் தருகிறார்கள். நான் எல்லாவற்றுக்கும் ‘மிக அதிகம்’ என்று டிக் அடித்துத் தள்ளினேன்.

பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையோர ஹனூரிலிருந்து வந்த ஒருவர். உள்ளங்கை முழுக்க வெடிப்பு. யாராவது கடந்து போனால் கைகளை அக்குளில் செருகிக்கொள்வார். பேனா பிடிக்க முடியாமல் என்னை எழுதச் சொன்னார்.

“போன வாரம் தோலால வெட்கமா இருந்துச்சாண்ணா?”

“இல்லீங்க தம்பி.”

“வேலை கெட்டுச்சா?”

“இல்லீங்க. ஆடு மேய்க்கறனுங்க. ஆடு என்ன, கையையா பாக்குது?”

“அதுக்கு முன்னாடி?”

“பஸ் கண்டக்டருங்க. என் கை படாம டிக்கெட்ட நுனியில புடிச்சு வாங்குனாங்க. உட்டுட்டனுங்க.”

“அப்ப ‘மிக அதிகம்’தானேண்ணா! இதப் பாத்துத்தான் பெரிய மருந்து தரலாமான்னு டாக்டர் முடிவு பண்ணுவாரு.”

“போன வாரம்னுதானுங்களே கேட்டிருக்காங்க? பொய் சொல்லியா மருந்து வாங்கறது?”

எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றே போட வைத்தார். இது நேர்மையா, வீம்பா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. ஆனாலும் அடியில், ‘பஸ் வேலையை ஏன் விட்டார் என்று கேளுங்கள்’ என எழுதி, படித்துக் காட்டினேன்.

“அது நெசந்தானுங்க. இருக்கட்டும்.”

இப்போது அவர் டாக்டர் அறைக்குள் இருக்கிறார்.