நல்லா இருக்கறனுங்க என்றவர்

கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட் என்று என் வேலையைச் சொன்னால், திருப்பூரில் அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான். "அப்ப டாக்டருங்களா, நர்ஸுங்களா?" நர்ஸ்தான் என்பேன். "ஊசி போடுவீங்களா?" போடுவேன். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் யாருக்கு உடம்பு மோசமாகப் போகிறது என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதும், மற்ற நர்ஸுகளை அதற்குப் பழக்குவதும்தான் என் முக்கியமான பொறுப்பு. இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, பெரிய நர்ஸுங்க" என்று முடித்துக்கொள்வார்கள். எனக்கும் அது போதும்.

நான் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் ஊரில் ஒருவருக்கு வயிறு வலித்தால் தெருவுக்கே தெரியும். இங்கே வந்த புதிதில் திண்டாடிப் போனேன். எவ்வளவு வலித்தாலும் "பரவாயில்லீங்க" என்பார்கள். மூச்சு வாங்கினாலும் "ஒண்ணுமில்லீங்க, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்பார்கள். வலியைக்கூட விருந்தாளி மாதிரி நடத்துகிற ஊர். மரியாதை எனக்குப் பிடிக்கும். ஐசியூவில் மட்டும் அதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

அந்த மரியாதையின் மொத்த உருவமாக வந்து சேர்ந்தார் அனுப்பர்பாளையத்தில் பனியன் கம்பெனி நடத்தும் ஒருவர். மாரடைப்பு. அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தாயிற்று. ஆனால் இருதயம் பலவீனமாக இருந்ததால் எப்போது வேண்டுமானாலும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். தொடக்கத்திலேயே பிடிக்காவிட்டால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம். அதற்கு அவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அவரோ, மூச்சு எப்படி இருக்கிறது என்று நான் கேட்டால், "நல்லா இருக்கறனுங்க. நீங்க சாப்ட்டீங்களா?" என்பார்.

கேள்வியை மாற்றினேன். "அப்பா, நூலு வந்ததுலேர்ந்து பனியன் பெட்டிக்குள்ள போறது வரைக்கும் என்னென்ன வேலை? சொல்லுங்க பாப்போம்."

முகம் மலர்ந்துவிட்டது. நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று நிறுத்தாமல் கொட்டினார். நடுவில், எப்போதும் தாமதிக்கும் சாயப்பட்டறைக்காரருக்கு "அவரும் நல்லவருதானுங்க" என்று சான்றிதழ் வேறு. மூச்சுத் திணறுகிறவரால் ஒரு முழு வாக்கியத்தைச் சேர்ந்தாற்போலச் சொல்லி முடிக்க முடியாது. அவர் அறியாமலே நான் வைத்த பரீட்சையில் அவர் தேறிவிட்டார்.

மறுநாள் காலையும் கேட்டேன். "நிட்டிங், சாயம்" என்றவர் நின்றார். ஒரு மூச்சு. "கட்டிங்." இன்னொரு மூச்சு. "எல்லாந்தான் உங்களுக்குத் தெரியுமேங்க" என்று சிரித்துச் சமாளித்தார். மானிட்டரில் எண்கள் இன்னும் சமர்த்தாகத்தான் இருந்தன. நான் அவற்றை நம்பவில்லை. முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இரண்டு பக்கமும் அடியில் கரகரவென்று சத்தம். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து டாக்டரை அழைத்தேன். டாக்டரும் உடனே வந்துவிட்டார். நீர் பிரிய ஊசி, மூச்சுக்கு இறுக்கமான மாஸ்க் என்று காலை முழுவதும் போராடினோம். மதியத்துக்கு மேல்தான் மூச்சு சீரானது.

மாஸ்க்கை எடுத்த பிறகு, அவர் மனைவி பக்கத்தில் இருக்கும்போதே, என் ஊர்ப் பேச்சில் ஒரு பிடி பிடித்தேன். "மூச்சு முட்டுனா முட்டுதுன்னு சொல்லணும்ப்பா. சொல்லாம கொள்ளாம போய்ச் சேந்துட்டா இவங்க யார்ட்ட போய் நிப்பாங்க?" அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த நாள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா..." என்று தொடங்கி, மனைவியைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "ஊசி குத்துன எடம் வலிக்குதுங்க. நேத்து பயமாவும் இருந்துச்சுங்க."

தீபாவளி போனஸ் கிடைத்தது போல எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்குந்தானுங்க சிஸ்டர், கொஞ்ச நாளா மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது" என்றார் மெதுவாக.

கணவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

"இவளையும் கொஞ்சம் பாருங்க சிஸ்டர்" என்றார் அவர், ஒரே மூச்சில். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அந்த அம்மாவை உட்காரவைத்து, நாடியைப் பிடித்துப் பார்த்தேன்.