வனமாமலையின் ஒற்றை எலுமிச்சை

மாடிப்படி திரும்பும் இடத்தில் வனமாமலை ‘பாம்’ என்று வாயாலேயே ஒரு ஹாரன் அடிப்பார். எதிரே யாரும் வருவதில்லை. வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவருக்கு, முனை என்று ஒன்று வந்துவிட்டால் சத்தம் கொடுக்காமல் திரும்பக் கால் வராது. அந்த ஹாரனைக் கேட்டதும் அவர் மனைவி மாரிசெல்வி டீக்குப் பால் வைப்பார். இவரோ வீட்டு வாசலைத் தாண்டி, ஷூவைக்கூடக் கழற்றாமல் நேரே மொட்டை மாடிக்குப் போய்விடுவார். அங்கே பாதியாக அறுத்த நீல டிரம்மில் அவருடைய எலுமிச்சை நிற்கிறது.

விலை கொடுத்து வாங்கிய கன்று இல்லை. ஆறு வருஷத்துக்கு முந்தைய ஆயுத பூஜையில் ஃபோர்க்லிஃப்ட் சக்கரத்தில் நசுங்கிய பழத்தின் கொட்டை ஒன்று, அவருடைய சேஃப்டி ஷூவின் அடிப்பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு, கம்பெனி பஸ் ஏறி குன்றத்தூருக்கு வந்துவிட்டது. திருஷ்டி கழித்த பழத்தைக் கையால் தொடக்கூடாது என்பது அவருக்கும் தெரியும். “அதுவா ஏறி வந்துட்டு. நாம என்ன, எறக்கியா விட முடியும்?” என்று மண்ணில் ஊன்றிவிட்டார்.

மரம் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்தது. விரல் நீளத்துக்கு முள் விட்டது. கொடியில் காயும் மாரிசெல்வியின் நைட்டிகளைக் கிழித்தது. காய் மட்டும் காய்க்கவில்லை. அதற்காக வனமாமலை அசரவில்லை. யார் வந்தாலும் ஒரு இலையைக் கிள்ளி, கசக்கி, மூக்குக்கு நேரே நீட்டுவார். “வாசத்தப் பாருங்க. நாட்டு எலுமிச்சைல்லா.” கேபிள்காரர் மோந்திருக்கிறார், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் மோந்திருக்கிறார். கைக்கு எட்டுகிற கிளைகளில் இலை தங்குவதே இல்லை. எட்டாத கிளைகளில், காக்கா எச்சம் போலவே உட்கார்ந்து மேயும் புழுக்களைத்தான் அவரால் மன்னிக்க முடியாது. “நைட் ஷிஃப்ட் ஆளு வந்துட்டான்” என்று முணுமுணுத்தபடி குச்சியால் எடுத்துப் போடுவார்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. தன் மரத்துப் பழம் வரும்வரை வேறு எலுமிச்சை நாக்கில் படக்கூடாது. கத்திரி வெயிலில் கம்பெனி கேட்டுக்கு வெளியே கூட்டாளிகள் ஆளுக்கொரு டம்ளர் லெமன் ஜூஸ் குடிக்கும்போது, இவர் பக்கத்தில் நின்று மோர் குடிப்பார். வீட்டில் எலுமிச்சை சாதம் என்றால் இவருக்கு மட்டும் தயிர் சாதம்.

“சாமியாருக்குத் தனி உலை வைக்கணும்” என்பார் மாரிசெல்வி. “மாடியில மரத்த வச்சிக்கிட்டு நான் கடையில பழம் வாங்குதேன். கேட்டா சிரிக்காங்க.”

கீழே குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் ஞானம்மாவின் கணக்கு வேறு. “இன்னா தம்பி, மரம் வளக்குறியா, முள்ளு வேலி கட்றியா? அது நிக்கிற எடத்துல தளம் ஒழுவுது. எடுத்துடு.”

“யக்கா, பூ விட்டிருக்கு. இப்பம் எடுத்தா பாவம்லா.”

பூ உதிர்ந்தது. அடுத்த தடவையும் உதிர்ந்தது. அதற்கும் அடுத்த தடவை ஒன்றே ஒன்று நின்றது. உருண்டது, பருத்தது, மஞ்சள் ஏறியது. மாரிசெல்வி ஜூஸ் போடச் சர்க்கரை டப்பாவை எடுத்து முன்னால் வைத்துவிட்டார்.

அதே வாரம்தான் ஞானம்மாவின் மகள் மெர்சி புது ஸ்கூட்டர் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஜெபம் முடிந்து வண்டி வீட்டுக்கு வந்ததும், ஞானம்மா மாடிக்கே ஏறி வந்துவிட்டார்.

“எம் மாடில வளந்த மரம். மொத பழம் எம் பொண்ணு வண்டிக்கு. குடுத்தீன்னா மரம் இங்கியே நிக்கட்டும், இனிமே ஒரு வார்த்த கேக்க மாட்டேன். இல்லாங்காட்டி நாளைக்கே கீழ எறக்கிடு.”

“பாஸ்டர்தான் ஜெபம் பண்ணிட்டாருல்லா, யக்கா?” என்றார் மாரிசெல்வி.

“அது அவரு வேல. இது டயரு வேல.”

வனமாமலை பழத்தைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். குடித்த மோரெல்லாம் நினைவுக்கு வந்தது. பிறகு காம்போடு பறித்து, உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கீழே இறங்கினார். படி திரும்பும்போது ஹாரன் அடிக்கவில்லை.

டன் கணக்கான பாரத்தை விரற்கடை பிசகாமல் ரேக்கில் வைக்கிறவர் என்பதால், பழத்தின் மேல் வண்டியை ஏற்றும் மரியாதையும் அவருக்கே கிடைத்தது. ஏறி உட்கார்ந்தார், மெதுவாக நகர்த்தினார். முன் சக்கரம் பழத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

“இன்னாப்பா, லோடு லோடா தூக்குற ஆளு. ஒரு பழத்துமேல ஏத்தத் தெரியல?”

“புது டயருல்லா, யக்கா. வழுக்குது.”

“காஞ்ச சிமென்ட்டுல இன்னா வழுக்குது?”

“எறங்குண்ணா, நான் பாத்துக்கறேன்” என்று மெர்சி ஹேண்டிலைப் பிடித்தாள். ஒரே தள்ளு. பச்சென்று சத்தம் கேட்டது. எல்லோரும் கைதட்டி, மெர்சியை வண்டியருகே நிறுத்திப் படம் எடுக்க ஆரம்பித்தார்கள்.

வனமாமலை, காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவர் போல முன் டயரின் பக்கத்தில் குந்தினார். நாலு பக்கமும் ஒரு பார்வை பார்த்தார். டயரில் வழிந்ததை ஒற்றை விரலால் தொட்டு, நாக்கில் வைத்தார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.