அண்ணன் சொன்ன தீபாவளி

பால் கருகும் வாசனையில்தான் எல்லாம் தொடங்கியது. புக்கிட் காத்தில் என்னும் ஊரிலுள்ள என் வீட்டில் எழுந்து எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பில் பாலே இல்லை. இடைநிலைப்பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுப்பவள் நான். இல்லாத வாசனை மூளைக் கோளாறாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்; தோன்றவில்லை. தலைவலி மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

பிறகு காய்ச்சல் வந்தது. பள்ளியில், ஆசிரியர் அறையில், வலிப்பு வந்து விழுந்தேனாம். என்செஃபலைட்டிஸ் (மூளை அழற்சி) என்றார்கள். வைரஸ் கிருமி ஹிப்போகேம்பஸ் (புதிய அனுபவங்களை நினைவாகப் பதியவைக்கும் பகுதி) வரை போயிருந்தது. வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். உயிர் தப்பியது. நோய்க்கு முந்தைய ஓராண்டின் நினைவு மட்டும் சுத்தமாகத் துடைபட்டுப் போயிருந்தது.

பார்க்க வந்தவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கட்டிலருகே வந்ததும் எல்லாருக்கும் ஒரே கேள்வி: "டீச்சர், என்னைத் தெரியுதா?" தெரிகிறது என்றால் பெருமை, தெரியவில்லை என்றால் என் முன்னாலேயே ஒப்பாரி. ஆரஞ்சுப் பழத்தோடு பரீட்சையும் கொண்டுவந்தார்கள். ஒருத்தி வல்லாரைப் பொடியை வாயில் திணிக்காத குறை. இன்னொருவர் ஞாபகசக்தி மாத்திரை விற்கும் ஏஜெண்டு. படுத்திருந்த என்னையே உறுப்பினராகச் சேர்க்கப் பார்த்தார். உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் படுத்திருந்தால், தயவுசெய்து முதலில் உங்கள் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

மெர்லிமாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் தினமும் வந்தவர் என் அண்ணன். அம்மா இறந்ததிலிருந்து நான் பேசாத அண்ணன். அம்மா போனபோது நான் கூச்சிங்கில் ஒரு பயிற்சியில் இருந்தேன். காலை விமானத்தில் வந்துவிடுகிறேன், காத்திருங்கள் என்று போனில் கெஞ்சினேன். நல்ல நேரம் தவறிவிடும் என்று அண்ணன் உடலை எடுத்துவிட்டார். அம்மாவின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. அது இன்னும் எரிகிறது.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது அண்ணன் சொன்னார்:

"நாமதான் பேசிட்டோமேம்மா. போன தீபாவளிக்கு நீ வீட்டுக்கு வந்தே. நல்ல மழை. வாசல்ல நின்னு என் கையப் புடிச்சுக்கிட்டு, விடுண்ணே, அம்மா இருந்தா இதத்தான் சொல்லும்னே. மறந்துட்டியா?"

துடைபட்டுப்போன ஓராண்டுக்குள் அந்தத் தீபாவளியும் இருந்தது. தனியாக வாழ்பவள் நான். கேட்டுச் சரிபார்க்க ஆளில்லை. நம்பினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் வீட்டிலேயே தங்கினேன். தினமும் அண்ணி கடைக்குப் போனதும் அந்தக் கதையைச் சொன்னார். ஒரு நாள் அது எனக்கே நினைவு வந்தது. வாசல் தகரக் கூரையில் மழை படபடக்கிறது, அண்ணன் கை வெதுவெதுப்பாக இருக்கிறது. சந்தோஷத்தில் அழுதேன்.

அடுத்த முறை டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். சின்னப் பெண், நம்மவள்தான். அவள் முகம் மலரவில்லை.

"நினைவு ஆல்பத்துல ஒட்டி வச்ச போட்டோ இல்ல, டீச்சர். எடுக்கறப்பல்லாம் மூளை அத மறுபடி புதுசா பதிய வைக்கும். அடுத்தவங்க சொன்னதும் அதுல சேந்துக்கும்."

"அப்ப இது நடந்துச்சா, இல்லையா?"

"ஸ்கேன்ல அதெல்லாம் தெரியாது, டீச்சர்."

எலியின் மூளையில் ஒரு நினைவைத் தூண்டவும் அணைக்கவும் விஞ்ஞானிகள் கற்றுக்கொண்டிருக்கிறார்களாம். மெர்லிமாவில் ஒரு தீபாவளி நடந்ததா என்று கேட்டால் கையை விரிக்கிறார்கள். என்ன ஆராய்ச்சியோ.

அந்த வாரமே ஒரு மாலை மழை பெய்தது. அண்ணியோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கும் இதே கூரையில் இதே சத்தம்தான் கேட்டது என்றேன்.

அண்ணி வெங்காயம் உரித்தபடியே, "இந்தக் கூரையா? இது நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப போட்டதுலா. தீபாவளிக்கு ஏது?" என்றார்.

கதவருகே அண்ணன் நின்றிருந்தார்.

"நான் வந்தேனா, வரலையா?" என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். "வரல. பலகாரமெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு அன்னிக்குப் பூரா ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தேன். உனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லன்னு டாக்டர் சொன்னதும், எனக்கு வேற வழி தெரியல."

எனக்கு அருவருப்பாக இருந்தது. தங்கையின் மூளை வெந்து கிடக்கும் நேரம் பார்த்துத் தனக்கு வேண்டியதை அதில் எழுதிக்கொண்ட மனிதர். அன்று இரவே வாடகைக் காரில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது மீண்டும் பாடம் நடத்துகிறேன். மாணவர் பெயர்கள் வழுக்குகின்றன. மூளைப் படத்தைப் பலகையில் வரையும்போது கொஞ்சமும் மரியாதை வருவதில்லை. அத்தனை மடிப்பு இருந்தும் யார் எதைச் சொன்னாலும் வாங்கி வைத்துக்கொள்கிறது.

கோபத்தை வேண்டுமென்றே தேடிப் போகிறேன். கூச்சிங், போன், அண்ணனின் குரல். உடனே பின்னாலேயே மழையும் தகரச் சத்தமும் வந்துவிடுகின்றன. பொய் என்று தெரிந்தும் உள்ளங்கை வெதுவெதுக்கிறது.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். "மன்னிச்சிடும்மா" என்றார். இந்த முறை உண்மையாகவே கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

அண்ணனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.